கழித்தலில் ஒளிந்திருந்த இயந்திரம்

குழந்தைகளே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இன்று ஒரு பெரிய மனிதரின் கதையைப் படிக்கப் போகிறோம். கதைக்கு நடுவில் உங்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பயப்படாதீர்கள், வெறும் கழித்தல் கணக்குதான்!

'கழித்தலா? அதெல்லாம் சின்ன வகுப்பிலேயே முடித்துவிட்டோமே!' என்கிறீர்களா? சரிதான். ஆனால், அந்தச் சின்னக் கணக்கை நம்பி ஒருவர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியையே கொடுத்தார். அவர் பெயர் சார்லஸ் பாபேஜ். 'கம்ப்யூட்டரின் தந்தை' என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அந்தத் தந்தை தாம் திட்டமிட்ட பெரிய இயந்திரங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காமலேயே கண்ணை மூடினார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பொம்மைக்குள் என்ன இருக்கிறது?

பாபேஜ், 1791-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் பாபேஜ் வங்கித் தொழில் செய்தவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை.

சிறுவன் சார்லசுக்குப் புதுப் பொம்மை ஏதாவது வாங்கிக் கொடுத்தால் போதும், அதற்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டுத் துளைத்துவிடுவான். அம்மா சொன்ன பதில் மனதுக்குப் பிடிக்கவில்லையா? பொம்மையை உடைத்துப் பார்த்துவிடுவான்! உங்களில் எத்தனை பேர் இப்படி என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

ஒரு நாள் அம்மா அவனை ஒரு இயந்திரப் பொம்மைக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். அதை நடத்தியவர் மெர்லின் என்பவர். சிறுவனின் ஆர்வத்தைப் பார்த்து, மாடியில் இருந்த தமது பட்டறைக்கே அவனைக் கூட்டிச் சென்றார். அங்கே ஒரு அடி உயரத்தில் வெள்ளியால் ஆன ஒரு நடனப் பெண் பொம்மை. அதன் விரலில் ஒரு பறவை. பொம்மை ஆட ஆட, பறவை வாலை ஆட்டியது, சிறகை அடித்தது, அலகைத் திறந்தது. சார்லஸ் அப்படியே சொக்கிப் போனான். இந்தப் பொம்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

சிறு வயதில் அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. மூளைக்கு அதிக வேலை கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, எக்ஸிடர் நகருக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் மூளை சும்மா இருந்தால்தானே! பிறகு என்ஃபீல்ட் என்ற ஊரில் விடுதியில் தங்கிப் படித்தபோது, ஒரு நண்பனோடு அதிகாலை 3 மணிக்கே எழுந்து, யாருக்கும் தெரியாமல் பாடம் படிப்பானாம். விளையாடப் போவதற்காக நழுவுபவர்களைப் பார்த்திருக்கிறோம். கணக்குப் போடுவதற்காக நழுவிய பையன் இவன்!

1810-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஜான் ஹெர்ஷல் என்ற நல்ல நண்பர் அங்கே கிடைத்தார். இருவரும் மற்ற நண்பர்களோடு சேர்ந்து 1812-இல் கணக்குக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

தப்பும் தவறுமாக அட்டவணைகள்

1821-ஆம் ஆண்டு. பாபேஜும் ஹெர்ஷலும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வானியல் எண் அட்டவணைகள். ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. பார்க்கப் பார்க்க, பிழை மேல் பிழை!

அந்தக் காலத்தில் கால்குலேட்டர் கிடையாது. 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் அப்போதே இருந்தது. ஆனால் அது பொருளைக் குறிக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதரைத்தான் அப்படி அழைத்தார்கள்! அவர்கள் போட்டுத் தந்த விடைகளைப் புத்தகமாக அச்சடித்து விற்றார்கள். கட்டடம் கட்டுபவர், வங்கிக்காரர், வானியல் அறிஞர் எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் வேலை செய்ய வேண்டும்.

எல்லோரையும்விட அதிகமாக அதை நம்பியிருந்தவர்கள் மாலுமிகள். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? சந்திரனையும் நட்சத்திரங்களையும் அளந்து, அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். அட்டவணையில் ஒரு எண் தப்பாக இருந்தால், கப்பல் தான் இருக்கும் இடத்தைத் தப்பாக நினைத்துக்கொள்ளும். பாறை எந்தப் பக்கம், கரை எந்தப் பக்கம் என்பதே மாறிப்போகும். நாம் பரீட்சையில் தப்பாகக் கழித்தால் ஒரு மதிப்பெண்தான் போகும். அங்கே போவது உயிர்!

தப்பு எங்கிருந்து வந்தது? கடன் வாங்கிக் கழிக்கும்போது, வாங்கிய கடனை மறந்துவிடுகிறோம் அல்லவா? அப்படித்தான் அவர்களும் சில நேரம் மறந்தார்கள். சரியாகப் போட்ட விடையைப் படியெடுக்கும்போது 6-ஐ 9 என்று எழுதினார்கள். அச்சுக் கோர்ப்பவர் எழுத்தை மாற்றி வைத்தார். சரிபார்ப்பவர் கவனிக்காமல் விட்டார். ஆகப் பிழை நுழைய நான்கு வாசல்கள்!

மனிதன் களைத்துப் போவான், தூங்கி வழிவான். இயந்திரத்துக்கு அந்தத் தொல்லை இல்லையே! அப்படியானால் இந்த வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன? அன்று பாபேஜின் மனதில் விழுந்த விதை இதுதான்.

இப்போது உங்கள் வேலை

சரி, பென்சிலை எடுங்கள். 1 x 1 = 1, 2 x 2 = 4, 3 x 3 = 9... இப்படி 6 x 6 வரை விடைகளை வரிசையாக எழுதுங்கள்.

1, 4, 9, 16, 25, 36

இனி, பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். 4-இல் 1 போனால் 3. 9-இல் 4 போனால் 5. விடைகளைக் கீழே எழுதுங்கள்.

3, 5, 7, 9, 11

கழித்து வரும் விடைக்கு 'வித்தியாசம்' என்று பெயர். இந்த வித்தியாசங்களையும் அதே போலக் கழியுங்கள். 5-இல் 3 போனால்? 7-இல் 5 போனால்?

2, 2, 2, 2

பார்த்தீர்களா! மேலே எண்கள் தாவித் தாவி ஓடுகின்றன. இரண்டு முறை கழித்ததும் எல்லாம் அடங்கி, ஒரே எண்ணாக நிற்கின்றன.

இப்போது திரும்பி மேலே ஏறுவோம். கடைசி வித்தியாசம் 11. அதோடு 2-ஐக் கூட்டினால் 13. கடைசி எண் 36. அதோடு 13-ஐக் கூட்டினால் 49. 7 x 7 எவ்வளவு? அதே 49! பெருக்கவே இல்லை. வெறும் கூட்டலிலேயே விடை வந்துவிட்டது. 13 + 2 = 15. 49 + 15 = 64. அது 8 x 8. இப்படியே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

கழித்தல் இன்னொரு உதவியும் செய்யும். அந்த வரிசையில் 25-க்குப் பதிலாக 26 என்று யாரோ தப்பாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1, 4, 9, 16, 26, 36, 49 என்று கழித்தால், முதல் வித்தியாசம் 3, 5, 7, 10, 10, 13. மறுபடியும் கழித்தால் 2, 2, 3, 0, 3. எல்லாம் 2 ஆக நிற்க வேண்டிய இடத்தில் 3-உம் 0-உம் எங்கிருந்து வந்தன? பிழை எங்கே ஒளிந்திருந்தாலும், கழித்தல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்!

இது பாபேஜ் கண்டுபிடித்த வித்தை அல்ல. அவருக்கு முன்பே கணித அறிஞர்களுக்குத் தெரியும். 1790-களில் பிரான்ஸ் நாட்டில் டி பிரோனி என்பவர் இதை வைத்தே மிகப் பெரிய அட்டவணைகளைத் தயாரித்தார். ஒரு சில கணித மேதைகள் வழியை வகுத்துக் கொடுத்தார்கள். நடுவில் சிலர் தொடக்க எண்களைக் கணக்கிட்டார்கள். மீதி வேலையைச் செய்தவர்கள் 60 முதல் 80 பேர் வரை. அவர்களுக்குப் பெரிய கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்!

இந்தச் செய்திதான் பாபேஜைப் பிடித்து உலுக்கியது. கூட்டத் தெரிந்த மனிதர்கள் செய்த வேலையைக் கூட்டத் தெரிந்த சக்கரங்கள் செய்யாதா?

லாகரிதம் போன்ற அட்டவணைகளில் வித்தியாசம் இப்படி முழுக்க ஒரே எண்ணாக நிற்காது. ஆனால் அட்டவணையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒரே எண்ணாகிவிடும். வேலைக்கு அது போதும்.

சுழலும் சக்கரங்கள்

பாபேஜ் தமது கருவிக்கு 'வித்தியாச இயந்திரம்' என்று பெயர் வைத்தார். பெயர்க் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்!

நிமிர்ந்து நிற்கும் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் அடுக்கடுக்காகப் பற்சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை எண்கள். கீழே ஒன்றின் இடம், அதற்கு மேல் பத்தின் இடம், அதற்கு மேல் நூறின் இடம். ஒரு தூணில் 36, அடுத்த தூணில் 11, அதற்கடுத்ததில் 2 என்று வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், ஒரு தூணில் உள்ள எண் அடுத்த தூணோடு கூடும். நாம் தாளில் செய்ததையேதான் சக்கரங்கள் செய்தன. 9-ஐத் தாண்டினால் மேல் சக்கரத்துக்கு 1 போக வேண்டும் அல்லவா? அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்தார். விடையை இயந்திரமே அச்சுத் தகட்டில் பதித்துவிட வேண்டும் என்றும் திட்டமிட்டார். பிழை நுழையும் நான்கு வாசல்களையும் அடைக்கப் பார்த்தார்!

1822-இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். அது 41, 43, 47, 53, 61 என்று போகும் ஒரு வரிசையைக் கணக்கிட்டுக் காட்டியது. கழித்துப் பாருங்கள்: 2, 4, 6, 8. மறுபடியும் கழித்தால் 2, 2, 2. அதே வித்தைதான்! வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1823-இல் பிரிட்டிஷ் அரசு முதல் தவணையாக 1,500 பவுண்டு கொடுத்தது. ஜோசப் கிளெமென்ட் என்ற கைதேர்ந்த பொறியாளர் வேலையைத் தொடங்கினார்.

சோதனை மேல் சோதனை

பெரிய இயந்திரத்துக்குச் சுமார் 25,000 உறுப்புகள் தேவைப்பட்டன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை அச்சு அசலாக ஒன்று போலவே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது லேசான காரியமா? அவற்றைச் செய்வதற்கான கருவிகளையே முதலில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. ஆண்டுகள் ஓடின. பணமும் ஓடியது.

1827-ஆம் ஆண்டு பாபேஜின் வாழ்க்கையில் இடி விழுந்தது. அந்த ஒரே ஆண்டில் அப்பா, மனைவி ஜார்ஜியானா, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரை இழந்தார். மனம் உடைந்துபோய் ஐரோப்பிய நாடுகளில் சுற்றினார். திரும்பி வந்து மறுபடியும் சக்கரங்களோடு உட்கார்ந்தார்.

1832-இல் இயந்திரத்தின் ஒரு பகுதி மட்டும் பொருத்தி முடிக்கப்பட்டது. கணக்கிடும் பாகத்தில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் அது அருமையாக வேலை செய்தது. அதைத் தம் வீட்டில் வைத்து, சனிக்கிழமை மாலைகளில் விருந்துக்கு வருபவர்களுக்கு இயக்கிக் காட்டினார்.

அந்த வீட்டில் இன்னொரு அதிசயமும் பின்னர் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் பார்த்த வெள்ளி நடனப் பொம்மை! 1834-இல் ஒரு ஏலத்தில் அதைக் கண்டுபிடித்து வாங்கி, பழுது நீக்கி ஆட வைத்தார். வந்தவர்களில் பலர் பொம்மையைச் சுற்றித்தான் கூடினார்கள். பக்கத்து அறையில் உலகையே மாற்றப் போகும் ஒரு கருவி நின்றிருந்தது. அதைப் பார்க்கச் சிலர்தான் போனார்கள்.

அப்படி வந்து பார்த்தவர்களில் 17 வயதுப் பெண் ஒருவரும் உண்டு. அவர்தான் அடா லவ்லேஸ். சக்கரங்கள் எப்படிக் கணக்குப் போடுகின்றன என்பதை ஆர்வத்தோடு கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பாதியில் நின்ற கனவு

பட்டறையை இடம் மாற்றுவதிலும் பணம் தருவதிலும் பாபேஜுக்கும் கிளெமென்டுக்கும் தகராறு வந்தது. 1833-இல் வேலை நின்றுபோனது. பாபேஜுக்குச் சட்டென்று கோபம் வரும். விட்டுக்கொடுத்துப் போகவும் தெரியாது. அது அவருடைய குறை.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 1834-இல் அதைவிடப் பெரிய யோசனை ஒன்று அவருக்குப் பிறந்தது. கூட்டல் மட்டுமல்ல, கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செய்யும் இயந்திரம்! நெசவுத் தறியில் பூவேலை செய்யப் பயன்பட்ட துளையிட்ட அட்டைகளால் அதற்குக் கட்டளை கொடுக்கலாம். எண்களைச் சேர்த்து வைக்க ஓரிடம், கணக்குப் போட ஓரிடம். இன்றைய கம்ப்யூட்டரிலும் இப்படித்தான் இருக்கிறது அல்லவா? அதற்குப் 'பகுப்பாய்வு இயந்திரம்' என்று பெயர். அதைப் பற்றி 1843-இல் விரிவாக விளக்கி எழுதியவர் அதே அடா லவ்லேஸ்தான்.

அரசாங்கம் என்ன நினைத்தது? கொடுத்த பணத்துக்கே இயந்திரம் வரவில்லை, அதற்குள் வேறொன்றா என்று சலித்துக்கொண்டது. அதுவரை செலவானது சுமார் 17,500 பவுண்டு. அந்தப் பணத்தில் அப்போது 20 ரயில் எஞ்சின்கள் வாங்கியிருக்கலாம்! 1842-இல் இனிப் பணம் இல்லை என்று கையை விரித்துவிட்டது.

பாபேஜ் சோர்ந்துவிட்டாரா? இல்லை. 1847 முதல் 1849 வரை உட்கார்ந்து, இன்னும் எளிமையாகவும் குறைந்த உறுப்புகளோடும் இரண்டாவது வித்தியாச இயந்திரத்துக்கு வரைபடங்கள் போட்டார். அதையும் அரசு ஏற்கவில்லை.

இதற்கிடையில், சுவீடன் நாட்டில் ஷாய்ட்ஸ் என்ற தந்தையும் மகனும் பாபேஜின் யோசனையைப் படித்துவிட்டு, தாங்களே ஒரு வித்தியாச இயந்திரத்தைச் செய்து 1853-இல் முடித்தார்கள். தம்மால் முடியாததை வேறொருவர் செய்துவிட்டாரே என்று பாபேஜ் பொறாமைப்படவில்லை. அவர்களைப் பாராட்டினார், உதவியும் செய்தார். கோபக்காரரின் மனதுக்குள் இருந்த நல்ல குணத்தைப் பாருங்கள்!

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, 79-ஆவது வயதில் பாபேஜ் காலமானார். அவருடைய இயந்திரம் வரைபடமாகவே இருந்தது.

120 ஆண்டுகளுக்குப் பிறகு...

பலர் என்ன நினைத்தார்கள் தெரியுமா? பாபேஜின் இயந்திரம் தாளில்தான் அழகு, செய்து பார்த்தால் ஓடாது என்று நினைத்தார்கள். உண்மை என்ன?

1985-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் ஒரு முடிவெடுத்தது. பாபேஜின் இரண்டாவது வித்தியாச இயந்திரத்தை அவர் வரைந்தபடியே செய்து பார்ப்பது! பாபேஜ் காலத்தில் எவ்வளவு துல்லியமாக உறுப்புகளைச் செய்ய முடியுமோ, அதே துல்லியம் போதும் என்றும் வைத்துக்கொண்டார்கள். 1991-இல், பாபேஜ் பிறந்து 200 ஆண்டு நிறையும் நேரத்தில், கணக்கிடும் பாகம் தயாரானது. சுமார் 4,000 உறுப்புகள். கைப்பிடியைச் சுற்றினார்கள். சக்கரங்கள் அலை போல ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. விடை வந்தது. சரியான விடை!

2002-இல் அச்சடிக்கும் பாகமும் முடிந்தது. மொத்தம் 8,000 உறுப்புகள், 5 டன் எடை. 31 இலக்க எண்களைக் கையாளும் இயந்திரம் அது. நீங்கள் தாளில் இரண்டு முறை கழித்தீர்கள். அது ஏழு வரிசை வித்தியாசங்களை ஒன்றாகக் கையாளும்!

பாபேஜ் போட்ட கணக்கு தப்பாகவில்லை, குழந்தைகளே. அதைச் சரிபார்க்கத்தான் உலகத்துக்கு இவ்வளவு காலம் ஆனது.

இனிக் கழித்தல் கணக்கைப் பார்த்து 'இது ஒரு கணக்கா' என்று சொல்லமாட்டீர்கள் அல்லவா? எண்களின் வரிசை ஏதாவது கண்ணில் பட்டால், பொம்மைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த சார்லசை நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மையை உடைக்க வேண்டாம். எண்களைக் கழித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது தெரியும்!

செய்து பாருங்கள்!

1. இந்த வரிசையை மூன்று முறை கழித்தால் ஒரே எண்ணாகிவிடும். அது எந்த எண்? அதை வைத்து மேலே ஏறி, அடுத்து வரும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்: 1, 8, 27, 64, 125, 216.

2. இந்த வரிசையில் ஒரு எண் தப்பு. கழித்துப் பார்த்துத் திருடனைப் பிடியுங்கள்: 1, 3, 6, 10, 15, 22, 28.

விடைகள்:

1. மூன்றாம் வித்தியாசம் 6. இரண்டாம் வித்தியாசம் 30 + 6 = 36. முதல் வித்தியாசம் 91 + 36 = 127. அடுத்த எண் 216 + 127 = 343.

2. வித்தியாசங்கள் 2, 3, 4, 5, 7, 6. அவை 2, 3, 4, 5, 6, 7 என்று வர வேண்டும். ஆகவே 22 தப்பு. அங்கே இருக்க வேண்டியது 21.